கடைசியாக இறங்கியவர்

உயர்ந்து நின்ற ஒரு கையும் அந்தக் கையில் எரிந்துகொண்டிருந்த செல்போன் விளக்கும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. மாலை ஆறு மணிகூட ஆகவில்லை. ஆனால் மழைமேகமும் தலைக்கு மேலே இருந்த ரயில் பாலமும் சேர்ந்து அந்தச் சுரங்கப்பாதையை இருட்டாக்கியிருந்தன. தண்ணீருக்கு நடுவே அணைந்து நின்ற எங்கள் பேருந்தின் ஜன்னல் வழியாக அந்த வெளிச்சம் தெரிந்தது. அது ஆடவில்லை. யாரையும் கூப்பிடுவதுபோல அசையவும் இல்லை. மேட்டில் நனைந்தபடி நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே இறங்கிப் போகாமல் நின்ற அந்தச் சில நிமிடங்களைப் பற்றி என் மனைவியிடம்கூட இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

நான் நகரப் பேருந்தில் நடத்துனர். ஆனையூரில் புறப்பட்டு, கோரிப்பாளையம் வழியாகப் பசுமலை போய்த் திரும்பும் தடத்தில் அப்போது எனக்கு வேலை. எங்கள் தடத்துக்குத் தாழ்தளப் பேருந்து வந்த பிறகுதான் அவர் எங்கள் பயணியானார். கோரிப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்ததால் எனக்கும் ஓட்டுநர் அண்ணனுக்கும் அவர் 'லேப் மேடம்'. முப்பதைத் தாண்டிய வயது. கல்லூரியில் படிக்கும்போது ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் போயிருந்தது. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் வருவார். அது நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்கச் சிரமப்படும் பாரம். ஆட்டோவில் ஏற்ற முடியாது, பழைய பேருந்துகளின் படிகளை நினைத்தும் பார்க்க முடியாது. அதுவரை அவருடைய அண்ணன்தான் தன் வேலைக்கு நடுவே வேனில் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போவாராம். புதுப் பேருந்தில் ஏறிய முதல் நாள், "பன்னெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தாண்ணே யாரையும் கூப்பிடாம வெளிய வந்திருக்கேன்" என்று அவர் சொன்னபோது, பேருந்தை நானே செய்து கொடுத்ததுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

நடுவாசலில் தரையோடு தரையாக மடிந்திருக்கும் பலகையை நான் வெளியே விரித்துப் போடுவேன். அதற்கு ராம்ப் என்று பெயர். அவர் அதன் மேல் நாற்காலியை ஓட்டி ஏறி, வாசலுக்கு எதிரே உள்ள காலி இடத்தில் நிறுத்துவார். தரையிலிருக்கும் இரண்டு பெல்ட்டுகளை நாற்காலியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டி இறுக்கிவிடுவேன். உட்கார்ந்திருப்பவர் கைக்கு அது எட்டாது. பேருந்து குலுங்கினாலும் நாற்காலி நகராது. இவ்வளவும் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏறி உட்கார்ந்ததும் அவர் ஒருமுறை சுற்றிலும் பார்ப்பார். வாசல், ஜன்னல், கண்ணாடியை உடைக்க வைத்திருக்கும் சுத்தியல், பின்பக்கம் இருக்கைகளுக்கு ஏறும் படி. வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் தன்னை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டார். நான் சிரித்தேன். அம்புட்டுப் பேர் இருக்கோம், அலேக்காத் தூக்கிர மாட்டோமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தூக்கத் தெரியணும்ண்ணே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மழை ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அன்று மதியத்திலிருந்து விடாமல் கொட்டியது. பசுமலையிலிருந்து திரும்பும் வண்டி கோரிப்பாளையம் வந்தபோது ஊரே ஹாரன் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. லேப் மேடம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் காத்திருந்தார். நாற்காலியின் பேட்டரிப் பெட்டியைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டியிருந்தார். ஏற்றினேன், பெல்ட்டை மாட்டினேன். வண்டியில் நாற்பது பேர் இருக்கலாம். சிறிது தூரம் போனதும் முன்னே சாலையில் தண்ணீர் என்று போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். திரும்பிய சாலை தண்டவாளத்துக்கு அடியில் இறங்கி ஏறும். இறக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கார் தயங்காமல் இறங்கியதைப் பார்த்து ஓட்டுநர் அண்ணனும் இறக்கினார். பாலத்துக்கு நேர் அடியில் கார் நின்றுவிட்டது. அதை இடிக்காமல் அவர் பிரேக் போட, எங்கள் வண்டியும் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. பின்னால் வந்த ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டதால் பின்வாங்கவும் வழியில்லை.

அப்போது தண்ணீர் தெருவில் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் தாழ்ந்த தளம். சக்கர நாற்காலி எளிதாக ஏற வேண்டும் என்பதற்காகத் தாழ்த்திச் செய்த அந்தத் தளத்தில்தான் தண்ணீர் முதலில் ஏறியது. கதவைத் திறந்ததும் கலங்கல் தண்ணீர் எங்கள் செருப்புகளுக்கு மேல் வழிந்தது. பெண்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். குழந்தைகள் அழத் தொடங்கின. எல்லாரும் இறங்கி மேட்டுக்கு நடந்துவிடுங்கள் என்று ஓட்டுநர் அண்ணன் சத்தம் போட்டார். ஒரே தள்ளுமுள்ளு. முன்வாசலில் அவரும் நடுவாசலில் நானும் நின்று ஆட்களை இறக்கினோம்.

லேப் மேடம் என்னைக் கூப்பிட்டார். ராம்பைப் போடச் சொல்கிறார் என்று புரிந்தது. அதை விரித்தால் வாசல் அடைபடும், மற்றவர்கள் இறங்கத் தாமதமாகும் என்று என் மனம் கணக்குப் போட்டது.

"மேடம், உங்களக் கடைசியா எறக்குறேன். சேர்லதான உக்காந்திருக்கீங்க, பயமில்ல. இவுகள விட்டுட்டு வாரேன்."

"அண்ணே, பெல்ட்டையாச்சும் கழட்டி விட்டுட்டுப் போங்க."

"வந்து கழட்டுறேன்."

நான் சொன்னது இவ்வளவுதான். அந்த நேரத்தில் ராம்பை விரித்திருந்தால், நாற்காலியின் மோட்டாரைத் தண்ணீர் தொடும் முன்பே அவர் தானாகவே அதை ஓட்டி மேட்டுக்குப் போயிருப்பார். யாரும் அவரைத் தொடக்கூட வேண்டியிருந்திருக்காது. இரண்டு நிமிட வேலை. மெதுவாக இறங்குகிறவர் கடைசியில் இறங்கட்டும் என்பது நியாயமாகத் தோன்றியது. அதில் ஏதும் தவறு இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை.

கைக்குழந்தையோடு ஒரு பெண் தண்ணீரில் காலை வைக்கப் பயந்தார். குழந்தையை நான் வாங்கிக்கொண்டு, அவரை என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேட்டுக்கு நடந்தேன். ஓட்டுநர் அண்ணன் மூச்சு வாங்கிய ஒரு பெரியவரைத் தாங்கிக்கொண்டு முன்னால் போனார். குழந்தையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் மேட்டில் நின்றவர்கள் கத்தினார்கள். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எதிர்ப்பக்கத்து இறக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஓர் அலை உருண்டு வருவதை என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வாழைமட்டைகளும் மிதந்து வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டியவர் இறங்கிப் போயிருந்த அந்தக் காரின் பின்பக்கம் எழும்பி, மெல்லத் திரும்பியது.

என் கால்கள் நின்றுவிட்டன. ஒருவர் என் சட்டையைப் பிடித்து, "போகாதீக, இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார். அவர் பிடித்ததால்தான் நின்றேன் என்று பின்னால் டிப்போவில் நடந்த விசாரணையில் சொன்னேன். அவர் கையை விட்ட பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் படிக்கும் என் இரண்டு பெண்களின் முகம் வந்தது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் கையும் வெளிச்சமும் தெரிந்தன. உள்ளே ஒருத்தர் இருக்கிறார், ஒரு பெண் இருக்கிறார் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். 'ஏன் அந்தம்மா இறங்கவில்லை' என்று ஒருவர் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். என் கையால் மாட்டிய பெல்ட்டில் அவர் இருந்தார்.

முதலில் தண்ணீரில் இறங்கியவன் நானல்ல, ஓட்டுநர் அண்ணன். பெரியவரை உட்கார வைத்துவிட்டு வந்தவர் என்னைத் தாண்டி நேராக இறங்கினார். கைலியை மடித்துக் கட்டியிருந்த ஒரு லோடுமேன் அவருக்குப் பின்னால் இறங்கினார். அவரும் எங்கள் வண்டியில் வந்தவர்தான். அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன். இடுப்புக்கு மேல் தண்ணீர் இழுத்தது. காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பேருந்தின் பக்கக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடுவாசலுக்குள் ஏறினோம்.

தண்ணீர் அவருடைய மடியைத் தாண்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. பற்கள் தந்தியடித்தன. ஆனால் குரல் சீராக இருந்தது. கத்தினால் மூச்சு வீணாகும் என்று கத்தவில்லையாம். அவருக்குப் பக்கத்தில் பேருந்தின் சுவர்த் தகட்டில் மேலிருந்து கீழாக ஆறு திருகாணிகள் இருந்தன. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரெண்டு திருகாணிதான்ண்ணே பாக்கி இருக்கு" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. காலில் தண்ணீர் ஏறுவது அவருக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே குளிரும் தெரியாது, நனைவதும் தெரியாது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து மட்டுமே அறிய முடியும். பத்து நிமிடத்துக்கு மேல் அந்தத் திருகாணிகள் ஒவ்வொன்றாக மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நான் தண்ணீருக்குள் முங்கி பெல்ட்டைத் தேடினேன். கொக்கி கைக்கு அகப்பட்டது, ஆனால் இறுகிப்போயிருந்தது. எழுந்து மூச்சு வாங்கினேன். பெல்ட்டை விடுங்கண்ணே, சேர் இனி வராது, என்னை மட்டும் எடுங்க என்றார் மேடம். லோடுமேன் முன்னால் போய் அவரை மூட்டையைப்போலத் தோளில் போடக் குனிந்தார். மேடம் கையை நீட்டித் தடுத்தார். அறுவை சிகிச்சையில் தன் முதுகில் கம்பி வைத்திருக்கிறார்கள், வளைத்தால் உடையும் என்றார். ஓட்டுநர் அண்ணன் கையைப் பிடிக்கப் போனார், அதையும் தடுத்தார். தோள்மூட்டு நழுவிவிடுமாம். வெளியே தண்ணீரின் இரைச்சல் கூடிக்கொண்டே இருந்தது. வண்டி ஒருமுறை லேசாகப் பக்கவாட்டில் அசைந்தது. நாங்கள் மூன்று ஆண்களும் எங்கே பிடிப்பதென்று தெரியாமல் நின்றோம். எத்தனையோ பேரை இத்தனை வருடத்தில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒரு மனுஷியை எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்தான் சொன்னார். முதலில் நாற்காலியின் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைக் கழற்றித் தன் மடியில் வைக்கச் சொன்னார். குழாய் இழுபட்டால் உள்ளே காயமாகிவிடும். அன்னியமான மூன்று ஆண்களிடம் அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரே ஒரு கணம் தடுமாறியது. பிறகு தன் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க பின்னாடி வாங்க. என் அக்குள் வழியாக் கைய விட்டு, என் முழங்கையையே பிடிச்சுக்கங்க. அவரு முட்டிக்குக் கீழ கைய குடுக்கட்டும். டிரைவரண்ணே முன்னாடி வழி பாக்கட்டும். நான் மூணு எண்ணுவேன். எண்ணி முடிச்ச பெறகுதான் தூக்கணும்."

எண்ணினார். தூக்கினோம். அவர் கால் ஏதோ ஒன்றில் சிக்கியதுபோல இருந்தது, பிறகு வந்துவிட்டது. வாசலைக் கடக்கும்போது தண்ணீர் எங்களைச் சுவரோரம் தள்ளியது. என் செருப்பு போயிற்று, கால் வழுக்கியது. ஒரு கணம் நானும் அவரும் தண்ணீருக்குள் போனோம். வாயிலும் மூக்கிலும் சாக்கடைத் தண்ணீர் ஏறியது. அவருடைய முழங்கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. ஓட்டுநர் அண்ணன் என் காலரைப் பிடித்துத் தூக்கினார். மேலே வந்ததும் லேப் மேடம் இருமிவிட்டுக் கேட்டது இதுதான்: "என் காலு ரெண்டும் எங்க இருக்குன்னு பாருங்கண்ணே. எதுலயும் மாட்டலியே?" லோடுமேன் கீழே பார்த்து, "ரெண்டும் எங்கிட்டதாம்மா இருக்கு" என்றார். மேட்டிலிருந்தவர்கள் கையோடு கை கோத்து இறங்கி வந்து எங்களை இழுத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது ஜன்னலின் அடிச்சட்டம் வரை தண்ணீர் நின்றது.

மருத்துவமனையில்தான் தெரிந்தது, அவருடைய வலது கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. நாற்காலியின் கால்பலகையில் சிக்கியதை நாங்கள் இழுத்தபோது நடந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை, ஆகவே எங்களுக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் ஓட்டுநர் அண்ணனும் நானும் பார்க்கப் போனோம். ஓட்டுநர் அண்ணன் அந்த இறக்கத்தில் வண்டியை விட்டதற்காக வாய்விட்டு அழுதார். லேப் மேடம்தான் அவரைத் தேற்றினார். நான் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவன், மன்னிச்சுருங்க தங்கச்சி என்பதோடு நின்றுவிட்டேன்.

லேப் மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க திரும்பி வந்தீங்க. அத நான் மறக்க மாட்டேன்" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா, கடைசின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எம்புட்டு நேரமாகும்னு நான் சொல்லியிருப்பேன்ல." கோபமாகச் சொல்லவில்லை. பரிசோதனை முடிவை ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் மேட்டில் நின்ற நிமிடங்களைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்த விளக்கைப் பிடித்தபடி அவர் மேட்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஆறு மாதம் கழித்து, சித்திரை வெயில் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆனையூர் முனையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரம் அவர் வந்தார். பழைய நாற்காலி வீணாகிவிட்டது. இது கையால் தள்ளும் இலகுவான நாற்காலி. அவருடைய அண்ணனும் கூட வந்திருந்தார். நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன், ஆனால் அதற்கு முன் எனக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்றார் லேப் மேடம். வண்டிக்குள் ஏறித் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டச் சொன்னார். மாட்டினேன். இப்போது என்னை வெளியே எடுங்கள் என்றார்.

டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற நடத்துனர்கள் வேடிக்கை பார்க்க வந்து, ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் பின்னால் போய் அக்குள் வழியாகக் கைகளைக் கொடுத்தேன், ஓட்டுநர் அண்ணன் முட்டிக்குக் கீழே பிடித்தார். காய்ந்த தரை, பட்டப்பகல், தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. அவருடைய முழங்கையைப் பிடித்துவிட்டு விட்டேன், மறுபடி பிடித்தேன். தண்ணீருக்குள் இந்தத் தயக்கம் இருக்கவில்லை. அவர் மூன்று எண்ணினார், என்னால் தூக்க முடியவில்லை. மறுபடியும் எண்ணினார். இம்முறை தூக்கி, வாசல் வழியாக இறக்கி, அவருடைய அண்ணன் விரித்த போர்வையில் படுக்க வைத்தோம். முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை என்றார். மூன்று முறை செய்தோம். மூன்றாவது முறை, சிரித்த நடத்துனர்களில் ஒருவர் தானாகவே முன்வந்து காலைப் பிடித்தார். எப்படிப் பிடிப்பது என்று முதலில் மேடத்திடம் கேட்டுவிட்டுப் பிடித்தார்.

மறுநாள் காலை அவர் ஏறினார். வானம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் கோரிப்பாளையம் வரை நாங்கள் இருவரும் மாறி மாறித் தரையையே பார்த்துக்கொண்டு போனோம். அந்தச் சுரங்கப்பாதைப் பக்கம் எங்கள் தடம் போவதில்லை. ஆனாலும் அன்று எங்களைத் திருப்பிவிட்ட இடம் வந்தபோது ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இப்போது என்னை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஓட்டுநர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். லேப் மேடம் அதே வண்டியில்தான் போகிறார், வேறொரு நடத்துனர் ராம்பை விரிக்கிறார். தடம் மாறிய அன்று அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். மழை பெய்கிற நாளில் மட்டும், இறங்கியதும் ஒரு மெசேஜ் போட்டுவிட வேண்டும். பயப்பட வேண்டியது நான், நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று சிரித்தார். ஆனால் தவறாமல் அனுப்புகிறார். 'எறங்கிட்டேன்'. அந்த ஒரு சொல்தான், வேறெதுவும் இருக்காது.

இன்று விடிந்ததிலிருந்து மழை. ஒன்பதே காலுக்கு அவர் கோரிப்பாளையத்தில் இறங்கியிருக்க வேண்டும். என் புதுத் தடமும் பசுமலையிலிருந்துதான்; அங்கே வண்டி புறப்படக் காத்திருந்தபோது போனைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒன்பதரைக்கும் இல்லை. கூப்பிடலாம், ஆனால் அவர் கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, அந்த நேரத்தில் போனை எடுக்க வைக்கக் கூடாது என்று தோன்றியது. விசில் ஊதினேன், ஆட்களை ஏற்றினேன், சில்லறை கொடுத்தேன். ஒரு பாட்டியை இறக்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டு ஏச்சு வாங்கினேன். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பத்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கூட்டத்துக்கு நடுவே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன்.

'ரோட்ல ஒரே தண்ணி. வண்டிய மேட்லயே நிறுத்தச் சொல்லி மொத ஆளா எறங்கிட்டேன்ண்ணே.'